வேலி போட்ட மாமா

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், அழகர்மலை அடிவாரத்தில் நத்தம் சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போகும் என் அப்பத்தா ஊரில், தாத்தாவின் செவலைக் கன்று பக்கத்துத் தோட்டத்து வேலிக் கம்பியில் ஒட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. சாணி அள்ளப் போன அப்பத்தா, தொழுவத்தில் கன்றைக் காணாமல் தேடிக்கொண்டு வரப்பில் இறங்கியவர், அதைப் பார்த்ததும் அலறியபடி ஓடினார். பின்னாலேயே வந்த தாத்தா, "தொட்றாத! கம்பியில கரண்டு ஓடுது!" என்று கத்திய கத்தலில், அப்பத்தா கம்பிக்கு ஓரடி தூரத்தில் நின்றுவிட்டார். மோட்டார் ரூமுக்கு ஓடி மெயினை அணைத்துவிட்டு வந்த தாத்தா, காய்ந்த கம்பு ஒன்றால் வேலிக் கம்பியை ஒதுக்கித் தள்ளிய பிறகுதான் கன்றின் அருகே எங்களை விட்டார். அதன் முன்னங்காலில், குளம்புக்குச் சற்று மேலே, ஒரு விரல் அகலத்துக்கு முடி கருகியிருந்தது. உடம்பில் வேறு காயம் எதுவும் இல்லை. கண் திறந்தே இருந்தது.

வேலி போட்டவர் எனக்கு மாமா முறை; தாத்தாவின் ஒன்றுவிட்ட தங்கை மகன். ஊரில் யாருடைய மோட்டார் ஓடவில்லை என்றாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பழைய சைக்கிள் டைனமோ ஒன்றைப் பிரித்து, உள்ளே காந்தம் சுற்றுவதையும் அதைச் சுற்றிச் செம்புக் கம்பி சுருண்டிருப்பதையும் எனக்குக் காட்டியவர் அவர்தான். பின்னாளில் நான் இயற்பியல் படிக்கப் போனதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமானால் அந்த டைனமோவைத்தான் சொல்வேன். அந்த ஆண்டு அவர் ஒன்றரை ஏக்கரில் கடலை போட்டிருந்தார். பருப்புப் பிடிக்கும் சமயத்தில் மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கியது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ஏழு இரவு பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டினார். எட்டாம் இரவு கண் அசந்துவிட்டார். விடிந்து பார்த்தபோது அரை ஏக்கருக்கு மேல் ஏர் ஓட்டியதுபோல் மண் புரண்டு கிடந்தது. மறுநாள் மாலை கம்பி கட்டினார். அதற்கு நான்காம் நாள்தான் கன்று செத்தது.

அன்று இருட்டிய பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் ஏறவில்லை. கீழேயே நின்று, மடியிலிருந்து வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை ஒன்றை எடுத்துத் தாத்தாவின் பக்கத்தில் வைத்தார். "வேலிக்கு இழுத்த லைனோட கட்டை மாமா. நீங்களே வச்சிருங்க. நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க" என்றார். தாத்தா எதுவும் பேசவில்லை. அப்பத்தா உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தாத்தா இறக்கும் வரை அந்தக் கட்டை மாடக்குழியில், விளக்குக்குப் பின்னால் இருந்தது.

இப்போது நான் 8 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக ஓர் அறிவியல் சாகசத் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு புத்தகத்திலும் ஆபத்தான கண்டுபிடிப்பு ஒன்று வரும். மதுரைச் செல்லூரில் இருக்கும் ஓர் அக்காவும் தம்பியும் அதன் பின்னாலேயே போய், அது எப்படி வேலை செய்கிறது, யாருக்காகச் செய்யப்பட்டது, யாரைத் தொடப் போகிறது என்று கண்டுபிடிப்பார்கள். மூன்று புத்தகங்கள் முடிந்து கையெழுத்துப் பிரதியாக இருக்கின்றன. நான்காவதைக் கடந்த மாதம் முடித்தேன். ஐந்தாவது இன்னும் குறிப்பேட்டில்தான் இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் திருநகரில் எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மொட்டை மாடியில் வாசித்துக் காட்டி, அவர்கள் எந்த இடத்தில் நெளிகிறார்களோ அந்த இடத்தைத் திருத்துகிறேன். இந்தத் தொடரில் நான் விடாமல் காத்து வரும் தீர்மானம் ஒன்று உண்டு: இதில் கெட்ட விஞ்ஞானி என்று ஒருவர் வர மாட்டார்.

என் வயதுக்காரர்கள் சிறுபிராயத்தில் வாசித்த கதைகளில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். சிவகாசியில் அச்சாகி, மதுரையின் பழைய புத்தகக் கடைகளில் பாதி விலைக்குக் கிடைத்த சித்திரக் கதைகளை நான் பசி மறந்து வாசித்திருக்கிறேன். மலைக் குகைக்குள் ஆய்வுக்கூடம் வைத்திருப்பார். உலகத்தை அழிக்கும் கதிர் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பார். அதைச் சொல்லும்போது சிரிப்பார். கடைசிப் பக்கத்தில் நாயகன் எந்திரத்தை வெடிக்கச் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அந்தக் கதைகளின்மீது எனக்கு இன்றும் பிரியம் உண்டு. ஆனால் நான் நேரில் பார்த்த ஒரே ஆபத்தான கண்டுபிடிப்பாளர் சிரிக்கவில்லை. திண்ணையில் ஏறவும் கூசி நின்றார். அவரை அந்தக் கதைகளின் எந்தக் கட்டத்திலும் என்னால் உட்கார வைக்க முடியவில்லை. பிள்ளைகள் வளர்ந்து சந்திக்கப் போவது குகைக்காரரை அல்ல, என் மாமாவைப் போன்றவரைத்தான். அவர்களில் சிலர் என் மாமாவைப் போலவே ஆகவும் போகிறார்கள்.

முதல் புத்தகத்தை எழுதும்போது, கம்பியில் கரண்டு ஓடியது, கன்று செத்தது என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடலாமா என்று யோசித்தேன். அது பிள்ளைகளைக் குறைவாக மதிப்பதாகும் என்று பட்டது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். நொடிக்கு 50 சுற்று முன்னும் பின்னுமாக ஓடுவது. அது கையில் ஏறினால் தசைகள் விடாமல் சுருங்குகின்றன. விரல்கள் மடங்கிக் கம்பியையே இறுகப் பிடித்துக்கொள்கின்றன. "கரண்டு இழுத்துக்கிச்சு" என்று ஊரில் சொல்கிறோமே, அது கம்பி இழுப்பதல்ல. நம் தசையே நம்மைக் கட்டிப்போடுவது. சூரிய மின்வேலி என்று முறையாக விற்கப்படும் கருவியிலும் கம்பிதான், மின்சாரம்தான். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட்கூட இருக்கும். ஆனால் அது துடிப்புத் துடிப்பாக வருகிறது: ஏறத்தாழ நொடிக்கு ஒரு துடிப்பு, ஒவ்வொன்றும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில் விலங்கு அதிர்ந்து விலகி ஓடிவிட முடிகிறது. இதை வாசித்தபோது ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், "அப்ப வோல்ட் கூடுனாத்தான் சாவாங்கன்னு சொல்றது தப்பா டீச்சர்?" என்று கேட்டான். மின்னோட்டமும் அது ஓடும் நேரமும் சேர்ந்துதான் கொல்கின்றன என்று சொன்னேன். அடுத்த அரை மணி நேரம் கதை நின்றுவிட்டது. பிள்ளைகள் அந்த இடைவெளியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே கம்பி, ஒன்று கொல்கிறது, மற்றொன்று விரட்டுகிறது. வித்தியாசம் ஓர் இடைவெளியில் இருக்கிறது என்பது எந்தத் துரத்தல் காட்சியையும்விட அவர்களைப் பிடித்துக்கொண்டது.

பிள்ளைகளின் அம்மாக்கள் சிலருக்கு இதில் கவலை உண்டு. "படிச்சிட்டுச் செஞ்சு பாத்துட்டா?" என்று ஒருவர் கேட்டார். மிகச் சரியான கேள்வி அது. நானே வைத்துக்கொண்ட வழி இது: ஒரு பொருள் ஏன் ஆபத்தானது என்பதை முழுமையாக எழுதுவேன், அதைச் செய்வதற்குத் தேவையான கட்டங்களில் இன்றியமையாத ஒன்றை எழுதாமல் விடுவேன். மாமா எந்தக் கம்பியை எதில் எப்படிப் பொருத்தினார் என்பது புத்தகத்தில் இல்லை. இந்தக் கட்டுரையிலும் இல்லை. காட்டுப்பன்றிக்கு வைக்கும், கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காயைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதி, அதைக் கடித்த மாட்டின் வாய் என்ன ஆகும் என்பதை எழுதி, அந்த அத்தியாயத்தை எடுத்தே விட்டேன். எத்தனை முறை திருத்தினாலும் அதில் பாதி செய்முறையாகவே இருந்தது. அதே சமயம், ஒருவரைக் கரண்டு பிடித்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு வரியும் குறைக்காமல் எழுதியிருக்கிறேன்: அவரைத் தொடக்கூடாது, முதலில் மெயினை அணைக்க வேண்டும், அணைக்க வழியில்லையென்றால் ஈரமில்லாத இடத்தில் நின்று காய்ந்த மரக்கம்பாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ விலக்க வேண்டும். என் தாத்தா அன்று அந்த ஒரு வார்த்தையைக் கத்தாமல் இருந்திருந்தால் எனக்கு அப்பத்தா இருந்திருக்க மாட்டார்.

இரண்டாவது புத்தகத்துக்காக உண்மையான கண்டுபிடிப்பாளர்களைத் தேடிப் படித்தபோதுதான் தாமஸ் மிட்ஜ்லி என்னும் அமெரிக்கரைப் பற்றி முழுதாக அறிந்தேன். இவரைப்போல் இரு பெரும் கேடுகளை ஒரே வாழ்நாளில், அதுவும் இரண்டையும் நன்மையின் பெயரால், உலகுக்குக் கொடுத்தவர் வேறு யாரும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அக்காலத்துக் கார் இன்ஜின்களில் பெட்ரோல் நேரம் தப்பி எரிந்து, கடகடவென்று தட்டும். மெக்கானிக்குகள் இன்றும் நாக்கிங் என்று சொல்வது அதைத்தான். 1921-இல் மிட்ஜ்லி, ஈயம் சேர்ந்த ஒரு சேர்மத்தைப் பெட்ரோலில் சிறிதளவு கலந்தால் அந்தத் தட்டல் நின்றுவிடுவதைக் கண்டார். ஈயம் நஞ்சு என்பது அன்று புதிய செய்தி அல்ல. அவரே ஈய நச்சுக்கு ஆளாகி 1923-இல் ஓய்வெடுக்கப் போனார். 1924-இல் நியூ ஜெர்சியில் அந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்தார்கள். அதற்குப் பிறகு மிட்ஜ்லி செய்தியாளர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தில் கைகளைக் கழுவி, ஒரு நிமிடம் அதன் ஆவியை முகர்ந்தும் காட்டினார், ஆபத்தில்லை என்று நிரூபிக்க.

அடுத்தது குளிர்பதனப் பெட்டி. அன்றைய பெட்டிகளுக்குள் ஓடியவை அமோனியா, சல்பர் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள். கசிந்தால் வீட்டிலிருப்பவர்களின் உயிருக்கே உலை வைத்துவிடும். 1928-இல் மிட்ஜ்லியின் குழு, எரியாத, நஞ்சில்லாத ஒரு வாயுவை உருவாக்கியது. பின்னர் குளோரோ ஃபுளோரோ கார்பன் என்ற குடும்பப் பெயரால் உலகம் அறிந்தது அதைத்தான். அதையும் அவர் மேடையில் நெஞ்சு நிறைய இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். இந்த முறை அவர் சொன்னது உண்மை. அந்த வாயு பழைய வாயுக்களைப்போல் வீட்டுக்குள் உயிரைக் குடிக்கவில்லை. அது அத்தனை உறுதியாக இருந்ததாலேயே சிதையாமல் மேலே, மேலே ஏறி, பல கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் படலத்தைத் தின்றது. 1974-இல் மொலினா, ரௌலண்ட் என்னும் வேதியியலாளர்கள் அதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். 1985-இல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் துளை அறிவிக்கப்பட்டது. 1987-இல் அந்த வாயுக்களைக் குறைக்க மாண்ட்ரியலில் நாடுகள் ஒப்பந்தம் செய்தன. மிட்ஜ்லி இவை எதையும் பார்க்கவில்லை. போலியோவால் கால்கள் செயலிழந்த பிறகு, படுக்கையிலிருந்து தானே எழுவதற்காகக் கயிறும் கப்பியுமாக ஒரு பொறி செய்துவைத்திருந்தார்; 1944-இல் அதே கயிற்றில் சிக்கி இறந்தார்.

இதை வாசித்து முடித்ததும் மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். குளிர்பதன வாயுவில் அவர்மேல் குற்றமில்லை, அவருக்குத் தெரியாது என்பதில் எல்லோரும் ஒரே பக்கம். ஈயத்தில்தான் சண்டை. "அவருக்கே ஒடம்பு சரியில்லாமப் போச்சுல்ல, அப்புறமும் ஏன் கை கழுவிக் காமிச்சாரு?" என்று ஒரு சிறுமி கோபமாகக் கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை: சில சமயம் நல்லவர்கள், தாங்கள் செய்த பொருள் நன்றாக வேலை செய்கிறது என்பதாலேயே, அது செய்யும் கேட்டைப் பார்க்க மறுத்துவிடுகிறார்கள். தெரியாமல் வரும் ஆபத்தும் தெரிந்தும் மூடிவைக்கும் ஆபத்தும் வேறு வேறு. முதலாவதற்காக ஒருவர்மேல் இரக்கப்படலாம்; இரண்டாவதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பத்து வயதுப் பிள்ளையால் தெளிவாகப் பிடித்துக்கொள்ள முடிகிறது. பெரியவர்களாகிய நாம்தான் இரண்டையும் ஒரே சொல்லால் மூடிவிடுகிறோம்.

ஈயக் கதைக்கு நாயகன் ஒருவர் இருக்கிறார் என்பதை அவர்களுக்குச் சொன்னபோது எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது. கிளேர் பேட்டர்சன் பூமியின் வயதைக் கண்டுபிடிக்க முயன்றவர். பாறைகளிலும் விண்கற்களிலும் உள்ள ஈயத்தின் வகைகளை அளந்து, 1956-இல் ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்ற விடையைச் சொன்னவர். அந்த அளவீட்டின்போது அவருடைய ஆய்வகத்தில் எதைத் தொட்டாலும், தூசியிலும் காற்றிலும், வெளியிலிருந்து வந்த ஈயம் கலந்து கணக்கைக் கெடுத்தது. தரையையும் சுவரையும் துடைத்துத் துடைத்து, மிகத் தூய்மையான ஓர் அறையை உருவாக்கித்தான் அவரால் அளக்கவே முடிந்தது. பிறகு, இவ்வளவு ஈயம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு கடல் நீரையும் துருவப் பனியையும் அளந்தார்; வழி பெட்ரோலில் போய் முடிந்தது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நிறுத்தப்பட்டது; உலகத்தில் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. ஆட்டோக்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் பின்னால் டவுன் ஹால் சாலையில் நடந்து பள்ளிக்குப் போன என் தலைமுறை முழுவதும் அதை முகர்ந்துதான் வளர்ந்தது. ஈயம் மற்ற எவரையும்விடப் பிள்ளைகளின் மூளையைத்தான் அதிகம் கெடுக்கும். என் கதையின் அக்காவுக்கு வில்லும் கிடையாது, வாளும் கிடையாது. அவள் கையில் ஒரு நோட்டும் அளவுகோலும் கொடுத்திருப்பது பேட்டர்சனைப் படித்த பிறகுதான்.

மூன்றாவது புத்தகம் திருமலை நாயக்கர் மகாலில் நடக்கிறது. எந்தக் குரலையும் சில நொடிகள் கேட்டால் அப்படியே திருப்பிப் பேசும் ஒரு பெட்டி; பேச்சிழந்த தன் மனைவிக்காக ஒரு தாத்தா அவளுடைய பழைய ஒலிநாடாக்களிலிருந்து செய்தது. இன்று கணினியால் இதை உண்மையாகவே செய்துவிட முடிகிறது என்பதால், இதைக் கற்பனை என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. பெட்டி திருடு போய், ஊரிலிருக்கும் அப்பத்தாவுக்குப் பேரன் குரலில் ஒரு போன் வரும் காட்சியை வாசித்தபோது, பிள்ளைகள் எல்லோருமே தங்கள் வீட்டில் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தாங்களாகவே முடிவு செய்தார்கள். அந்த யோசனையைப் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டேன்.

நான்காவதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், ஆயர் முதுமகளான மாதரி கண்ணகியைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகும் வழியில் மதுரைக் கோட்டை மதில் வருகிறது. அந்த மதிலின்மேல் இருந்த பொறிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக அடுக்குகிறார்; அவை என்ன செய்யும் என்பதை உரைகாரர்கள் விளக்குகிறார்கள். தானே வளைந்து எய்யும் வில், கல்லை உமிழும் கவண், நெருங்கியவரைக் கடிக்கும் கருவிரல் குரங்கு, மதில் உச்சியைப் பற்றும் கைகளைக் குத்தும் ஊசி, பறந்து போய்ப் பகைவர் கண்ணைக் கொத்தும் சிச்சிலி என்னும் மீன்கொத்தி, ஏறி வருபவர் உடலைக் கொம்பால் கிழிக்கும் இரும்புப் பன்றி. பொறி என்ற சொல்லையே நாம் இப்போது அன்றாடப் பேச்சில் எலிப்பொறிக்கு மட்டும் மிச்சம் வைத்திருக்கிறோம். ஒரு காலத்தில் இந்த ஊரின் மதிலே பொறிகளால் ஆன விலங்குக்காட்சிச் சாலையாகக் கவிஞரின் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. இவற்றில் எவை உண்மையில் இருந்தன, எவை கவிஞரின் கற்பனை என்று வழக்காடுவது என் வேலையல்ல. ஆபத்தான கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கதை எழுதும் ஒருத்திக்கு, அவளுடைய சொந்த ஊரின் மதில்மேலேயே இத்தனை பொறிகள் காத்திருந்தன என்பது எவ்வளவு பெரிய சொத்து!

அந்த இரும்புப் பன்றியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமாவின் கடலைத் தோட்டத்தில் இறங்கியதும் பன்றி. மதுரை மதிலில் நின்றதும் பன்றி. கதை அங்கேயே உருக்கொண்டது. வைகைக்கரையில் கிணறு தோண்டும்போது இரும்புப் பன்றி ஒன்று கிடைக்கிறது. ஊர்க்காரர் ஒருவர், எந்தப் பொருளையும் பிரித்து மாட்டத் தெரிந்தவர், அதைச் சீர்செய்து தன் தோட்டத்துக்குக் காவல் வைக்கிறார். இரும்புப் பன்றியைக் கண்டு காட்டுப்பன்றிகள் வரவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர்களும் கேட்கிறார்கள். அவர் அதைப்போல் இன்னும் நான்கு செய்து கொடுக்கிறார். வருகிறவர் பகைவரா, பசித்த விலங்கா, பந்தை எடுக்க வந்த பிள்ளையா என்று அந்தப் பொறிக்குத் தெரியாது. மதில்மேல் இருந்தவரை அதற்குத் தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மதிலில் ஏறி வருகிறவர் எல்லோரும் பகைவர்தான். அதே பொறியை மதிலிலிருந்து இறக்கி வரப்பில் வைக்கும்போதுதான் அது ஆபத்தாகிறது. ஒரு கண்டுபிடிப்பு இடம் மாறும்போது அதன் குணமும் மாறிவிடுகிறது என்பதைச் சொல்ல இதைவிட எளிய வழி எனக்குக் கிடைக்கவில்லை. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையையும் இதே அத்தியாயத்தில் ஒரு பாத்திரத்தின் வாயால் சொல்லியிருக்கிறேன்: கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் வரை காய்ச்சலை அளந்த பாதரசம், உடைந்த கண்ணாடியோடு பழைய இரும்புக் கடைக்கும் சோலைக்காட்டு மண்ணுக்கும் போனபோது நஞ்சானது.

எந்திரம் என்றாலே கேடு என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்ற பயமும் எனக்கு உண்டு. அதனால் இந்தப் புத்தகத்தில், திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியராக இருந்த ராஜகோபாலன் வாசுதேவனைப் பற்றி அக்கா தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். தூக்கியெறியும் பிளாஸ்டிக்கைத் துண்டாக்கிச் சூடான ஜல்லியின்மேல் உருகிப் படியச் செய்து, தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கொண்டுவந்தவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அந்த முறையில் முழுக் கவனமும் சூட்டின் அளவில் இருக்கிறது: பிளாஸ்டிக் உருக வேண்டும், எரியக் கூடாது, எரிந்தால் அதே பொருள் நச்சுப் புகையாகிவிடும். வேலியில் துடிப்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி எப்படியோ, அப்படித்தான் இங்கே இந்தச் சில பத்து டிகிரிகள்.

பிரச்சினை முடிவில் வந்தது. நான் எழுதிய முதல் வரைவில், இரும்புப் பன்றிகள் ஐந்தையும் பிள்ளைகள் ஓர் இரவில் பிரித்துப் போடுகிறார்கள். பொறியைச் செய்தவர் மனம் வருந்துகிறார். ஊர் நிம்மதியாகத் தூங்குகிறது. வாசித்து முடித்து நிமிர்ந்தேன். கைதட்டல் இல்லை. ஈயத்துக்காகக் கோபப்பட்ட அதே சிறுமி, மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "பிரிச்சுப் போட்டாச்சு, சரி. நாளைக்கி நெசப் பன்னி வருமே டீச்சர், அதுக்கு என்ன பண்ணுவாங்க?" என்றாள்.

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. குகைக்குள் சிரிக்கும் விஞ்ஞானி வேண்டாம் என்று நான்கு புத்தகமாகப் பாடுபட்ட நான், அந்தக் கதைகளின் கடைசிப் பக்கத்தை மட்டும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். எந்திரத்தை உடைத்தால் போதும் என்றால், மாமாவுடைய அரை ஏக்கர் கடலைக்கு என்ன பதில்? அவர் ஃபியூஸ் கட்டையைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போன அந்த இரவும் பன்றி வந்திருக்கும். மறுநாள் காலை அவர் தோட்டம் எப்படி இருந்தது என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கன்றுக்காக அழுதேன்; கடலை என் நினைவிலேயே இல்லை.

அந்த அத்தியாயத்தை மூன்று வாரம் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்கள் கையில் தழல், தட்டை, குளிர் என்று மூன்று கருவிகள் இருக்கின்றன. மூன்றும் கிளியை விரட்டுவதற்கானவை, அதைக் கொல்வதற்கானவை அல்ல. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே விரட்டுவதற்கென்று தனியாகக் கருவி செய்து, அதற்குப் பெயரும் வைத்திருந்தவர்கள் நம்மவர்கள் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. புதிய முடிவில் ஊரார் சேர்ந்து தோட்டங்களுக்கு நடுவே உயரமாக ஒரே பரண் கட்டுகிறார்கள். வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள். பொறியைச் செய்தவர், பிரித்துப் போட்ட இரும்புப் பன்றியின் தகட்டையே வெட்டி, கயிற்றை இழுத்தால் தோட்டத்தின் நான்கு மூலையிலும் தடதடவென்று ஒலிக்கும் தட்டை ஒன்று செய்கிறார். முதல் இரவு அவருடைய முறை. தம்பி அவரோடு பரணில் படுத்துக்கொண்டு, நட்சத்திரங்களை எண்ணத் தொடங்குகிறான். அங்கே புத்தகம் முடிகிறது.

போன சனிக்கிழமை அதை வாசித்தேன். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, தட்டை எப்படி ஒலிக்கும் என்று ஒருவன் எவர்சில்வர் தட்டைத் தட்டிக் காட்டினான். பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் இறங்கும்போது, அந்தச் சிறுமி மட்டும் படிக்கட்டில் நின்று திரும்பினாள்.

"டீச்சர், அந்த மாமா தூங்கிட்டா?"

ஐந்தாவது புத்தகத்தின் குறிப்பேட்டில் முதல் வரியாக அதை எழுதி வைத்திருக்கிறேன்.